ஏடு காத்த ஐயரவர்கள்

கோரிப்பாளையத்தினின்று வைகையைக் கடந்து நகருட் செல்லும் நாம், மதுரைக்காஞ்சி என்னும் பழம்பாட்டு இம்மாநகரின் பகலையும் இரவையும் வருணிப்பதென்பதை நினைப்பதுண்டோ? அதனையுள்ளிட்ட பத்துப்பாட்டை 1889-இல் அச்சேற்றியவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களே.

1855-இல் பிறந்த இவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்று, 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார். அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியாரவர்கள், சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டோவென வினவினார். தாம் அதனைக் கல்லாமையை ஒளியாது கூறிய ஐயரவர்கள், அந்நூலையே தம் குறிக்கோளாகக் கொண்டார்.

பகலிற் கல்லூரிப்பணி, எஞ்சிய பொழுதில் ஏட்டுப்பணி. பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்குதலும், பாடபேதங்களைக் குறித்தலும், சொற்களுக்கு அகராதி வகுத்தலும் அவர்க்கு வழக்கமாயின. விளங்காத சமயக் கருத்துக்களைக் கும்பகோணத்துச் சைனரிடம் கேட்டறிந்தார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. பின்னர்ச் சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. 1942-இல் அவர் மறைந்தார்.

ஒரு நூலுக்கு ஏழாண்டு! அவ்வேழாண்டும் அன்றன்று செய்த சிறு வேலைகளின் தொகையேயன்றி வேறில்லை. பரீட்சை நெருங்கும் இரவுகளில் மட்டும் புத்தகத்தைத் தொடும் நாம், இன்றைய பாடத்தை இன்றே முடிக்கும் பழக்கத்தையேனும் அவரிடம் கற்போமாக.