கானோ நட்சுவோ

பண்டைய ஜப்பானில் மறக்குடியினர் இடையில் இரு வாள் தாங்கித் திரிந்தனர். வாளை வடித்தவர் ஒருவர்; அதற்கு அணி செய்தவர் வேறொருவர். கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே நின்று கையைக் காக்கும் தகடும், பிடியின் இரு முனைகளிலும் செறிக்கும் பூண்களும் வாளணிகளுள் சிறந்தவை. செம்பில் சிறிது பொன் கலந்து உருக்கி, அதனைக் காக்கைச் சிறகின் நிறம் பெறச் செய்வர். மீன்முட்டை பரப்பினாற்போன்ற நுண்புள்ளிகளை அதன்மேல் இடுவர். இடையே பொன்னாற் குலச்சின்னம் பொறிப்பர். மூன்று இலைகள் கூடிய சின்னத்தைக் கண்டோர், அது நாடாண்ட தோக்குகாவா குலத்தாரது என உணர்வர்; பெயர் எழுத வேண்டுவதில்லை.

இக்கலையின் இறுதிக்காலப் பேராசான் கானோ நட்சுவோ ஆவார். 1828-இல் கியோட்டோ நகரிற் பிறந்த இவர், இளமையிலேயே வாள் வணிகர் ஒருவருக்குச் சுவீகாரப் பிள்ளையானார். கடைக்கு வந்த வாளணிகளே இவருக்கு முதற் பாடநூல் எனலாம். உளித்தொழிலோடு ஓவியமும் பயின்றமையால், இவரது உளி தூரிகைபோல் ஓடியது. ஒரே கோடு ஓரிடத்தில் ஆழ்ந்தும் அகன்றும், ஓரிடத்தில் மயிரென மெலிந்தும் செல்லும். உலோகத்திற் பிழைபட்ட கோட்டை அழித்தெழுத இயலாது என்பதை நாம் மறத்தலாகாது.

1854-இல் இவர், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரிற் குடியேறினார். 1868-இல் தோக்குகாவா ஆட்சி வீழ்ந்து, மெய்ஜிப் பேரரசரின் ஆட்சி மலர்ந்தது. மறு ஆண்டு, புதிய நாணயங்களுக்கு உருவம் அமைக்கும் பணி இவரிடம் வந்தது. நாணய அச்சுகளை இங்கிலாந்திலேயே வெட்டுவிக்க அரசினர் முதலில் எண்ணினர் என்றும், நட்சுவோவின் மாதிரியைக் கண்டு வியந்த ஆங்கிலக் கலைஞர் அப்பணியை அவரிடமே விடுமாறு கூறினார் என்றும் சொல்வர். பலர் கை தீண்டும் காசிற் பேரரசர் திருவுருவைப் பொறித்தல் தகாது எனக் கருதியதால், ஒரு பக்கத்தில் டிராகன் என்னும் பெருநாகம் இடம்பெற்றது. மறுபக்கத்தில், வாளணிகளில் அவர் கை பழகியவாறே, செவ்வந்திப்பூச் சின்னமும் கிரி மரத்தின் இலையும் பூவுமாகிய சின்னமும் அமைந்தன.

1876-இல் இடி விழுந்தாற்போல் ஓர் ஆணை பிறந்தது. படையினர், காவலர் முதலிய சிலரன்றிப் பிறர் வாள் அணிதல் கூடாது என்பதே அது. வாளே இல்லாதபோது வாளணிக்கு ஏது வேலை? தலைமுறை தலைமுறையாக இத்தொழில் செய்த கம்மியர் பலர் பிழைப்பிழந்தனர். பழைய அணிகள் பல மேலைநாடுகளுக்கு விலையாயின. நட்சுவோ உளியைக் கீழே வைத்தாரல்லர். பூச்சாடி, புகையிலைப்பையின் பூட்டு முதலிய சிறு பொருள்களில் அதே நுண்தொழிலைக் காட்டினார். 1890-இல் டோக்கியோ நுண்கலைப் பள்ளியிற் பேராசிரியராய் அமர்ந்து, அரண்மனைக் கலைஞர் என்னும் சிறப்பும் பெற்றார்.

இவர் 1898-இல் மறைந்தார். இவர் கண்ட பெருநாகமோ, 1914 வரை வெள்ளி யென் நாணயத்தில் சுருண்டு கிடந்தது.