மர்மக்கதை மன்னர் எட்கார் வாலஸ்

கொலையாளி யார் என்னும் கேள்வியை இறுதிவரை மறைத்துவைத்து, ஒரு மணி நேரத்துள் கதையை முடித்துவிடும் சிறிய கொலை மர்மப் படங்கள் ஒருகாலத்தில் பிரித்தானியாவில் ஏராளமாக வெளிவந்தன. 1960 முதல் இலண்டன் மேட்டன் பார்க் படப்பிடிப்பகத்தில் உருவான 40க்கு மேற்பட்ட அத்தகைய படங்களின் தொடக்கத்தில், புகைமூட்டத்திடையே ஒரு மனிதரின் மார்பளவுச் சிலை மெல்லச் சுழலும். அச்சிலைக்குரியவரே எட்கார் வாலஸ்.

அவருடைய வாழ்வும் மர்மத்திலேயே தொடங்கியது. 1875 ஏப்பிரல் முதலாந் திகதி கிறினிச்சில் ஒரு நாடக நடிகைக்கு மணவுறவின்றிப் பிறந்த அவரை, பிறந்த சில நாள்களில் பில்லிங்ஸ்கேற் மீன் சந்தைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் ஏற்று வளர்த்தது. பன்னிரண்டு வயதளவில் பள்ளிப் படிப்பு நின்றது. லட்கேற் சதுக்கத்தில் பத்திரிகை விற்ற சிறுவன், பின்னர் இராணுவத்தில் சேர்ந்து தென்னாபிரிக்கா சென்றான். அங்கே எழுத்து அவனைப் பற்றிக்கொண்டது. படையிலிருந்து விலகிப் போர்ச் செய்தியாளரான வாலஸ், 1902இல் போயர் யுத்தத்தின் சமாதான உடன்பாட்டுச் செய்தியைத் தணிக்கையாளர் கண்ணில் மண்ணைத் தூவி முந்தி அனுப்பினார். கிச்சனர் பிரபுவின் சினத்துக்கும் ஆளானார்.

1905இல் நான்கு நீதிமான்கள் பற்றிய தமது நவீனத்தைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். பூட்டிய அறையில் அமைச்சர் எவ்வாறு இறந்தார் என்பதைக் கண்டுபிடிப்போருக்கு 500 பவுண் பரிசு அறிவித்தார். பரிசு பெறுவோர் தொகைக்கு வரம்பிட மறந்தமையால், சரியான விடை எழுதியோர் அனைவருக்கும் கொடுக்கவேண்டிய கடப்பாடு நேர்ந்தது. நூல் புகழ் தந்தது, ஆசிரியரோ கடனாளியானார். கதையின் முடிச்சுகளை அத்துணை நுட்பமாகக் கணக்கிட்டவருக்குத் தம் பணத்தைக் கணக்கிட ஒருபோதும் வரவில்லை.

இன்னொரு கணக்கும் பிழைத்தது. கேட்டவர்க்கெல்லாம் வாரி வழங்கியவர் எனப் பெயரெடுத்தவர் அவர். ஆனால் 1903இல், நோயும் வறுமையும் வாட்ட, பெற்ற தாய் தேடிவந்தபோது, சிறு தொகையொன்றைக் கொடுத்து அவளை அனுப்பிவிட்டார். அவ்வாண்டிலேயே அவள் இறந்தாள். அவர் எழுதிய 170க்கு மேற்பட்ட நவீனங்களில் எத்தனையோ குற்றங்களுக்குத் தீர்ப்பு உண்டு, இதற்குத் தீர்ப்பில்லை.

1926இல் மேடையேறிய ‘றிங்கர்’ நாடகம் அவருக்குப் பெருஞ் செல்வம் ஈட்டித் தந்தது. மறு ஆண்டில் பிரிட்டிஷ் லயன் திரைப்பட நிறுவனத்தின் தலைவரானார். பீக்கன்ஸ்பீல்ட் படப்பிடிப்பகத்தில் உருவான ‘ஸ்குவீக்கர்’ படத்தை 1930இல் தாமே இயக்கினார். குதிரைப் பந்தயமும் ஆடம்பரமும் வந்ததையெல்லாம் விழுங்கின. 1931இல் பிளக்பூல் தொகுதியில் லிபரல் வேட்பாளராக நின்று தோற்றபின், பொருள் தேடி ஹொலிவூட் சென்றார். ‘கிங் கொங்’ படத்தின் முதல் திரைக்கதை வரைவை எழுதிய சில வாரங்களில், 1932 பெப்ரவரி 10ஆந் திகதி நிமோனியாவும் நீரிழிவும் அவர் உயிரைப் பறித்தன.

அவர் விட்டுச்சென்றது பெருங்கடன். அதனை இரண்டே ஆண்டுகளில் அவர் நூல்களே அடைத்துத் தீர்த்தன. சிறுவனாக நின்று பத்திரிகை விற்ற அதே லட்கேற் சதுக்கச் சுவரில் அவருக்கு நினைவுத் தகடு பதிக்கப்பட்டது.