துறைமுகம் தந்த கணித மேதை

இராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஓர் இளைஞர் எழுத்தராகச் சேர்ந்தார். மாத ஊதியம் 30 ரூபாய். கணிதத்தில் மட்டுமே மனம் ஊன்றியதால் கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றுப் பட்டம் பெறாதிருந்த அவரே சீனிவாச இராமானுசன். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் மேலாளர் நாராயண ஐயரும் அவரது திறனறிந்து துணைநின்றனர். 1913இல் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியை வியக்க வைத்தது.

கடல் கடத்தலாகாது என்னும் குடும்ப வழக்கத்தைக் கடந்து, 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறினார். இங்கிலாந்தில் எல்லாம் புதிது. குளிரில் நடுங்கிய அவருக்குக் கம்பளிகளுக்குள் புகுந்து உறங்கும் முறையைக்கூட, அங்குப் பயின்ற மகலனோபிஸ் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. புலால் உண்ணாத அவர் தாமே சமைத்து உண்டார். முதல் உலகப்போரால் உணவுப்பொருள்கள் அரிதாயின.

உள்ளுணர்வால் உண்மை கண்டவர், அதனை முறையாக நிறுவும் நெறியை ஹார்டியிடம் கற்றார். ஹார்டியோ அவரிடம் புதிய கணித உலகத்தைக் கண்டார். ஓர் எண்ணை எத்தனை வகையில் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பதைக் கணிக்கும் வாய்பாட்டை இருவரும் இணைந்து 1918இல் வெளியிட்டனர். ஒருவர் தனித்து எட்ட இயலாத முடிவு அது.

1916இல் பட்டமும், 1918இல் இராயல் கழக உறுப்பினர் சிறப்பும் அவரை வந்தடைந்தன. ஆயினும் உடல்நலம் குன்றியது. 1919இல் தாயகம் திரும்பியவர், நோய்ப்படுக்கையிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் சேத்துப்பட்டில் மறைந்தார். இறுதியாண்டில் அவர் எழுதிய தாள்களை உலகக் கணிதவியலாளர்கள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.