பாட்ரிக் கெடிஸ்

2025ஆம் வருஷம் மே மாதத்தில் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. நதியைச் சீர்திருத்துவதே காரணமென்று சொல்லப்பட்டது. நதி சீர்பட வேண்டுமென்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆயினும், ஏழைகளின் வீட்டைத் தகர்ப்பதே நகரச் சீர்திருத்தத்தின் முதற்படி என்னும் எண்ணத்தை, நூறு வருஷங்களுக்கு முன்னரே இத்தமிழ் நாட்டிற்கு வந்து ஒருவர் கண்டித்துச் சென்றார். அவருடைய சரித்திரத்தை நம் நேயர்களுக்கு, விசேஷமாக நகரசபை விவகாரங்களில் உழைக்கும் தேசத் தொண்டர்களுக்கு, எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பாட்ரிக் கெடிஸ் 1854இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். லண்டனில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் கற்றார். 1879இல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ சென்றவிடத்தில் கண்பார்வை கெட்டது. வாரக் கணக்காக இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பிற்று, ஆனால் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் உழைக்கும் வல்லமை திரும்பவில்லை. செடிகொடிகள் தம் சூழலோடு கொண்ட உறவை ஆராய்ந்த மனம், மனிதர் தம் ஊரோடு கொண்ட உறவின் மீது சென்றது.

1886இல் விவாகமானதும், புது மனைவி அன்னாவுடன் அவர் குடியேறிய இடம் எது? எடின்பரோவின் பழைய பகுதியில், செல்வர்கள் கைவிட்டுப் போன ஜேம்ஸ் கோர்ட் என்னும் நெருக்கடியான முற்றம். அங்கே அண்டை வீட்டாரோடு கூடிப் பெருக்கினார், வெள்ளையடித்தார், செடி வைத்தார். குடிசைப் பகுதியில் உபந்நியாசம் செய்துவிட்டு மோட்டாரில் பங்களாவுக்குத் திரும்பும் நம் தலைவர்கள் சிலர் இதைச் சற்றே சிந்திப்பார்களாக. 1888 முதல் டண்டீ நகரக் கலாசாலையில் தாவர நூலாசிரியராக இருந்துகொண்டே, நகரங்களைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் அடங்கிய பெருங்காட்சியொன்றை அவர் சேர்த்து வந்தார்.

சென்னைக் கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914இல் அக்காட்சி இந்தியாவுக்குக் கப்பலேறியது; வந்து சேரவில்லை. அவ்வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி இரவில் சென்னையைக் குண்டு வீசிக் கலக்கிய அதே எம்டன் கப்பல், கெடிஸின் பொருள்களை ஏற்றி வந்த கப்பலையும் மூழ்கடித்தது. மகா சாமர்த்தியசாலியை இன்றும் நம்மவர் ‘எம்டன்’ என்பர். ஆனால் இந்த ஸ்காட்லாந்துக்காரர் எம்டனுக்கும் எம்டன். சீமையிலுள்ள நண்பர்களைக் கொண்டு வேறு படங்களைத் திரட்டி, 1915இன் தொடக்கத்தில் சென்னையில் காட்சியை நடத்தியே விட்டார்.

பின்னர் நம் ஊர்களுக்குப் புறப்பட்டார். அவருடைய முறை கால்நடை. வைத்தியன் நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாகாதென்பது போல, சந்து சந்தாக நடந்து பாராமல் நகரத்தில் கை வைக்கலாகாதென்பது அவர் கொள்கை. காஞ்சியிலும் மதுரையிலும் கோயிலைச் சுற்றி அமைந்த தேரோடும் வீதிகளைக் கண்டு வியந்தார். அந்நாளைய எஞ்சினீயர்களோ, நெருக்கமான தெருவென்றால் கோல் வைத்துக் கோடிழுத்து, குறுக்கே நிற்பதையெல்லாம் இடித்து நேர் வீதி போடுவதையே அபிவிருத்தி எனக் கொண்டிருந்தனர். தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அத்தகைய திட்டமொன்று இருந்தது. கெடிஸ் அதற்கு மாறாக, பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடத்தைச் சிறு திறப்பாக்கி, மரம் நட்டு, மற்ற வீடுகளைப் பழுது பார்க்கச் சொன்னார். செலவும் குறைவு, குடும்பங்களும் தெருவில் நிற்க வேண்டுவதில்லை. வெளியேற்றப்பட்ட ஏழை மறைந்து போவதில்லை, அடுத்த நெருக்கடியான தெருவில் போய் அதை இன்னும் நெருக்கடியாக்குகிறான் என்பதை அவர் அதிகாரிகளுக்கு ஓயாமல் எடுத்துக் காட்டினார்.

கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். வெள்ளத்தை ஏற்பதும் காற்றைக் குளிர்விப்பதும் குளமே. கொசுவைத் தின்ன மீன் விட்டால் போதும் என்றார்.

இந்தூரில் அவர் செய்தது விநோதமானது. பிளேக் நோய் மலிந்த அந்நகரில் சுத்தம் செய்யுமாறு தண்டோரா போட்டால் யார் கேட்பார்? தீபாவளி ஊர்வலத்தை மிகச் சுத்தமான தெருக்களின் வழியாகவே நடத்துவதென அறிவிக்கச் செய்தார். உடனே தெருவுக்குத் தெரு போட்டி! குப்பை வண்டி வண்டியாக ஊரை விட்டுப் போயிற்று. ஊர்வலத்தில் பிளேக் எலியின் பேருருவம் செய்து கொண்டுபோய்க் கொளுத்தினார்கள்.

1917இல் அவர் மூத்த குமாரன் அலஸ்டேர் பிரான்ஸ் போர்க்களத்தில் மாண்டான். இந்தியாவில் நோய்ப்படுக்கையில் இருந்த மனைவிக்கு அதைச் சொல்லத் துணியாமல் மறைத்தார். அறியாமலே அவளும் அவ்வருஷமே இறந்தாள். அதன் பின்னரும் அவர் வேலையை விடவில்லை. 1919 முதல் 1924 வரை பம்பாய் ஸர்வகலாசாலையில் சமூக நூல் போதித்தார். 1925இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். 1932இல் பிரான்ஸில் காலமானார்.

அவர் மறைவதற்கு முந்தைய வருஷமே தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. ரயிலைத் தொடர்ந்து ஜனங்கள் வந்தனர், வயல்கள் மனைகளாயின. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை எல்லாம் ஏரியை நம்பி வாழ்ந்த ஊர்கள். அந்த ஏரிகளின் கால்வாய்கள் தூர்ந்ததன் பலனை 2015 டிசம்பரில் கண்டோம். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீதியில் படகு போயிற்று. இதற்கு ஆற்றங்கரைக் கூலிக்காரனா பொறுப்பு? சென்னைக் கரைகளினின்று அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்குப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் அடுக்கு வீடுகள் கட்டப்பட்டன. அவ்விடமோ பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். ஆற்று வெள்ளத்தினின்று காப்பதாகச் சொல்லிச் சதுப்பு வெள்ளத்தில் குடியேற்றியிருக்கிறோம். வேலையும் பள்ளியும் பல மைல் அப்பால்.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள் உண்டு. ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வார்டைக் கால்நடையாகச் சுற்றி, எந்தக் கால்வாய் எங்கே அடைபட்டது, அதை அடைத்தவர் குடிசைக்காரரா, மதில் கட்டிய கனவானா, காலி மனை எத்தனை, வாடகைக்கு வீடின்றித் தவிப்போர் எத்தனை பேர் என்று எழுதிச் சபையில் வைக்க வேண்டுமென்று கோருகிறோம். அக்கணக்கு வெளிவரும் வரை அடுத்த கரையில் இடிக்கும் யந்திரத்தை இறக்கலாகாது.