வெடிமருந்தும் சமாதானப் பரிசும்: அல்பிரட் நோபலின் வாழ்க்கை

வன்னியில் கருங்கல் தட்டுப்பட்ட கிணற்றை வெடிவைத்து இறக்கிப் பார்த்தவர்களுக்கு டைனமைட் புதிதன்று. அதே டைனமைட்டைக் கள்ளத்தனமாகக் கடலில் எறிந்து மீன் பிடிக்கப்போய்க் கையிழந்தவர்களையும் நம் கரையோரங்கள் அறியும். இந்தப் பொருளை உலகுக்குத் தந்தவரின் கதையைச் சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள்.

அல்பிரட் நோபல் 1833 ஒக்டோபர் 21 இல் சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரில் பிறந்தார். தந்தை இம்மானுவேல் பொறியியலாளர். கடனாளியாகி ரஷ்யாவுக்குப் போய், அங்கே படைக்குக் கடற்கண்ணிகள் செய்து கொடுத்தவர். கிரைமியப் போரில் அவை பின்லாந்துக் குடாவில் மிதந்தன. போர் முடிந்ததும் அந்த வியாபாரமும் நொடித்தது. ஆகவே கண்ணிவெடி இந்தப் பிள்ளைக்கு வீட்டுச் சோறு என்றே சொல்லலாம்.

1847 இல் சொப்ரேரோ என்னும் இத்தாலியர் நைற்றோகிளிசரினைக் கண்டுபிடித்து, அதன் கொடூரத்தைக் கண்டு தாமே அஞ்சினார். சிறிது அதிர்ந்தாலும் வெடிக்கும் எண்ணெய் அது. வேண்டிய நேரத்தில் மட்டும் அதை வெடிக்கச் செய்ய, டெற்றனேற்றர் என்னும் சிறு வெடியை நோபல் அமைத்தார். 1864 செப்டெம்பர் 3 இல் அவர்களுடைய வேலைக்கொட்டில் வெடித்தது. தம்பி எமிலும் வேறு சிலரும் மாண்டனர். எமிலுக்கு வயது இருபது. சில மாதங்களுக்குள் தந்தை பாரிசவாதத்தில் விழுந்தார். நகருக்குள் இவ்வேலை கூடாதென்று தடை வந்தபோது, நோபல் ஏரியில் ஒரு தட்டையான படகில் ஏறி வேலையைத் தொடர்ந்தார்! தம்பியைப் புதைத்தவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டதுண்டு.

1866 இல் பனாமாவில் ஒரு கப்பலும், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பண்டகசாலையும், ஹம்பேர்க் அருகே அவருடைய ஆலையும் இதே எண்ணெயால் சிதறின. கீசல்கூர் என்னும் நுண்துளை மண்ணில் எண்ணெயை ஊறவைத்தால் அது அடங்கியிருக்கும் என்று கண்டு, 1867 இல் டைனமைட்டுக்கு உரிமம் பெற்றார். மலைகள் குடையப்பட்டன, ரயில்பாதைகள் எழுந்தன. படைப் பொறியியலாளர்களும் பாலங்களைத் தகர்க்க அதையே எடுத்தனர். 1887 இல் துப்பாக்கிக்கான புகையற்ற மருந்தையும் செய்தார். ஆயுதத்தின் பயங்கரமே அரசுகளைப் போரிலிருந்து விலக்கிவிடும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்ததற்கு வன்னி மக்களிடம் சாட்சி கேட்க வேண்டியதில்லை.

அவர் மணம் செய்யவில்லை. சிலகாலம் செயலாளராக இருந்த பேர்த்தா வொன் சுட்னர் பின்னர் போரெதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்று, அவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1895 நவம்பர் 27 இல் நோபல் தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பரிசுகளுக்கு எழுதிவைத்தார். அவற்றுள் ஒன்று சமாதானத்துக்கு. மறு ஆண்டு டிசெம்பர் 10 இல், இத்தாலியின் சான் ரேமோவில், உறவினர் எவரும் அருகிலின்றி, வேலையாட்களின் நடுவே உயிர்நீத்தார். இருதய நோவுக்கு மருத்துவர் அவருக்கு எழுதிக்கொடுத்ததும் நைற்றோகிளிசரினே.

1901 இல் முதற் சமாதானப் பரிசை, பாசி என்பவரோடு பகிர்ந்து, செஞ்சிலுவையின் தந்தை டியூனாந்து பெற்றார். 1979 இல் அது அன்னை தெரேசாவுக்குக் கிடைத்தது. 1997 இல் மிதிவெடியை ஒழிக்கப் போராடிய இயக்கத்துக்கும் அதன் தலைவி ஜோடி வில்லியம்சுக்கும் கிடைத்தது. மிதிவெடிக்குள் இருப்பது டைனமைட் அன்று. ஆயினும் சிறு வெடியால் பெரு வெடியைத் தூண்டும் முறை நோபல் காட்டிய வழிதான். முகமாலையில், போரில் கணவரை இழந்த பெண்கள் பலரும் முழந்தாளிட்டு மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி அவற்றை எடுத்தார்கள். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசெம்பர் 13 இல், நோபலின் நினைவுநாள் கழிந்து மூன்றாம் நாள்.