மாரந்தை தந்த மக்கள் குரல்

எளாவூர் வட்டாரத்தில் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை ஒலிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால், பறையடிப்பவர் தன் அப்பா என்று வகுப்பில் சொல்லக் கூசும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தைப் பாடியே விரட்டியவர் கே.ஏ.குணசேகரன்.

சிவகங்கை மாவட்டம் இளையான்குடி அருகே மாரந்தை கிராமத்தில், 1955-ல், வறுமைப்பட்ட தலித் குடும்பத்தில் பிறந்தார். இளையான்குடியில் முஸ்லிம் மக்களிடையே பழகியபோது தீண்டாமையை அவர் உணரவில்லை. சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் போனால் சாதி முன்னால் வந்து நின்றது. ஒரே மண்ணில் மதிப்பும் அவமதிப்பும் மாறிமாறிக் கிடைத்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

இளையான்குடி, சிவகங்கை, மதுரை எனப் படிப்பு தொடர்ந்தது. கூடவே பாட்டும் தொடர்ந்தது. வயல்வெளியிலும் சேரியிலும் மக்கள் பாடியவற்றையே மேடைக்குக் கொண்டுவந்தார். நாட்டுப்புறக் கலைகளை ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றார். படிக்காதவர்களின் பாட்டு என்று ஒதுக்கப்பட்டது, அவர் கையில் பல்கலைக்கழகப் பாடமானது.

இடதுசாரி மேடைகளில் பாடத் தொடங்கியவர், பின்னர் ‘தன்னானே’ கலைக்குழுவை நடத்தி ஊர் ஊராகச் சென்றார். கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடல் அவர் குரலில்தான் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. தாளில் இருந்த கவிதை, தலித் மக்களின் போராட்டப் பாட்டாக மாறியது.

புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியராகப் பணியாற்றினார். ‘பலி ஆடுகள்’ நாடகத்தை எழுதினார். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2005-ல் வெளியான ‘வடு’, தமிழின் முதல் தலித் தன்வரலாறு எனப் பலராலும் குறிப்பிடப்படுகிறது. பேராசிரியர் ஆன பிறகும் பட்ட காயத்தை மூடி மறைக்காமல் ஊரறிய எழுதி வைத்தார்.

2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் காலமானார். பாட்டுக்காக அவர் படிப்பை விடவில்லை. படித்து உயர்ந்த பின் பாட்டையும் விடவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களும் கல்லூரிக்கு ரயிலேறும் மாணவர்களும் இதைத்தான் கவனிக்க வேண்டும். நம் பாட்டிமார் பாடும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அவர்களோடு மண்ணுக்குள் போவதற்குமுன், ஒரு நோட்டிலாவது எழுதி வையுங்கள். கையிலிருக்கும் செல்போனில் பதிந்து வையுங்கள். குணசேகரனும் மக்கள் பாடியதைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் தொடங்கினார்.