காற்றுக்குக் கணக்கெழுதிய ஓட்டோ லிலியெந்தால்

நாகூரிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் பாய்மரக் கப்பலேறிப் பினாங்கையும் மலாக்காவையும் வந்தடைந்த நம் முன்னோர்கள் காற்றுக்குக் காசு கொடுத்தவர்கள் அல்லர். எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று வீசும் என்ற கணக்கு ஒன்றுதான் அவர்கள் கையிலிருந்த முதல். அந்தக் கணக்கை நம்பியே சரக்கையும் உயிரையும் கடலில் விட்டார்கள். அதே காற்றை ஆகாயத்தில் கணக்கிட்டுப் பார்க்கத் துணிந்து, தம் உயிரையே முதலாக வைத்த ஒரு ஜெர்மானியத் தொழில் முதலாளியின் வாழ்க்கையை இவ்விதழில் நம் வணிகச் சகோதரர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் பெயர் ஓட்டோ லிலியெந்தால்.

உச்சி வெயிலில் பருந்தொன்று சிறகை அசைக்காமலேயே வட்டமிட்டு மேலே மேலே செல்வதை நம்மில் காணாதவர் யார்? சாஆவில் கடை வைத்திருக்கும் நமக்குச் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலுள்ள வானம் தூரமன்று. பருந்தின் இரகசியம் இதுதான்: வெயிலில் சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேல்நோக்கி எழும்புகிறது. பறவை அந்தக் காற்றுக்குள் மெதுவாகச் சறுக்கி இறங்குகிறது. ஆனால் அது இறங்கும் வேகத்தைவிடக் காற்று ஏறும் வேகம் அதிகமாதலால், மொத்தத்தில் பறவை உயர்கிறது. செலவைவிட வரவு அதிகமென்றால் இருப்பு கூடுவதைப் போன்றதே இது. இன்று இயந்திரமில்லாத விமானங்களில் பறப்போரும் இவ்வழியையே கையாளுகின்றனர். சிறிய விமானமொன்று அவர்களைக் கயிறு கட்டி மேலே இழுத்துச் சென்று விட்டுவிடும். அல்லது தரையிலுள்ள இயந்திரம் கம்பியைச் சுற்றி இழுத்து மேலேற்றிவிடும். அதன் பின்னர் அவர்களுக்குக் காற்றே துணை. கிளைடர் எனப்படும் அவ்விமானங்களில் மணிக்கணக்காகப் பறப்பவர்கள் உண்டு.

மனிதன் சிறகு கட்டிப் பறக்க ஆசைப்பட்டது புதிய விஷயமன்று. ஸ்பெயின் தேசத்துக் குர்துபா நகரில் வாழ்ந்து கி.பி. 887இல் மறைந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், இறகுகளைப் போர்த்திச் சிறகு பூட்டி உயரத்திலிருந்து பாய்ந்து சிறிது தூரம் பறந்தார் என்றும், வால் அமைக்காததால் இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும் பிற்காலத்துச் சரித்திர ஆசிரியர் அல்மக்கரீ எழுதியிருக்கிறார். அவர் எவ்வாறு பறந்தார் என்ற அளவுக் கணக்கு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. துணிவு எஞ்சியது, கணக்கு மறைந்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த லிலியெந்தாலின் பெருமை, அவர் இரண்டையும் விட்டுச் சென்றார் என்பதே.

லிலியெந்தால் 1848ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி வட ஜெர்மனியில் ஆன்கிளாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் துணி வியாபாரி. அவ்வீட்டில் பிறந்த எட்டுக் குழந்தைகளில் மூவரே பிழைத்தனர். 1861இல் தகப்பனார் காலமானார். தாயார் தம் மக்களைச் சிரமப்பட்டு வளர்த்துப் படிக்க வைத்தார். ஓட்டோவும் ஓராண்டு இளையவரான தம்பி குஸ்தாவும் ஊருக்கு வெளியேயுள்ள புல்வெளிகளில் நாரைகள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பலகையில் சிறகு செய்து கையில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிப் பார்த்தார்கள். பள்ளித் தோழர்களின் கேலிக்கு அஞ்சி இதை இரவில் செய்தார்களாம். நாரை எப்போதும் காற்றை எதிர்த்தே எழும்புகிறது என்பதை அவர்கள் அந்த வயதிலேயே கவனித்துவிட்டார்கள்.

பெர்லினில் இயந்திரத் தொழில் படித்து 1870இல் தேறிய ஓட்டோ, பிரான்சோடு நடந்த போரில் தொண்டராகச் சேர்ந்து திரும்பினார். 1878இல் ஆக்னெஸ் ஃபிஷர் என்னும் மாதை மணந்து நான்கு குழந்தைகளுக்குத் தகப்பனானார். சகோதரர் இருவரும் குழந்தைகள் அடுக்கி விளையாடும் சிறு கட்டடக் கற்களைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவற்றை விற்கும் சாமர்த்தியம் அவர்களிடம் இல்லை. 1880இல் ரிக்டர் என்னும் வியாபாரிக்குச் சொற்ப விலைக்கு அதை விற்றுவிட்டார்கள். ரிக்டரோ அதே கற்களை நாடெங்கும் விற்றுச் செல்வந்தரானார். கண்டுபிடித்தவன் கையில் காசு தங்குவதில்லை என்பது நம் கடைத்தெருவிலும் நாம் காண்பதே.

ஆயினும் ஓட்டோ சோர்ந்துவிடவில்லை. சிறு பட்டறைக்காரர்களும் அச்சமின்றி வைத்துக்கொள்ளத்தக்க, வெடித்துச் சேதம் விளைவிக்காத நீராவிக் கொதிகலன் ஒன்றை அமைத்தார். 1880களின் முற்பகுதியில் பெர்லினில் சொந்தத் தொழிற்சாலை கண்டார். 1890இல் அவர் செய்த காரியம் நம் முதலாளிமார் கவனிக்கத்தக்கது. தொழிற்சாலையின் இலாபத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கைத் தம் தொழிலாளர்களுக்கே பகிர்ந்தளித்தார். யாரும் கேட்டு வாங்கியதன்று. அவரே மனமுவந்து ஏற்படுத்திய முறை. எளியவர்களும் நாடகம் பார்க்க வேண்டுமென்று ஒரு கொட்டகையில் பங்கு சேர்ந்து, மலிவான கட்டணத்தில் நாடகங்கள் நடக்கவும் வழி செய்தார்.

பகலில் கொதிகலன் விற்ற இம்மனிதர் மற்ற வேளைகளில் காற்றை அளந்தார். சுழலும் கட்டையொன்றின் முனையில் பலவகைச் சிறகு வடிவங்களைப் பொருத்தி, எந்த வடிவத்தை எந்தச் சாய்வில் வைத்தால் காற்று எவ்வளவு தூக்குகிறது என்று பல ஆண்டுகள் குறித்து வந்தார். தட்டையான பலகையைவிட, பறவைச் சிறகைப் போல் மேற்புறம் சற்று வளைந்த தளமே அதிகம் தூக்குகிறது என்று கண்டார். பறவைகள் பறப்பதைப் பற்றி 1889இல் அவர் வெளியிட்ட நூலில் அந்தக் கணக்குகள் முழுவதும் அடங்கியிருந்தன. அது அதிகம் விற்கவில்லை. விற்காத சரக்கென்று அவர் அதை ஒதுக்கிவிடவுமில்லை. எழுதிய கணக்கு சரிதானா என்று தம் உடலைக்கொண்டே சோதிக்க இறங்கினார்.

1891இல் டெர்விட்ஸ் என்னும் கிராமத்து மேட்டிலிருந்து ஏறக்குறைய 25 மீட்டர் பறந்தார். 1893இல் ரினோவ் குன்றுகளிலிருந்து 250 மீட்டர் வரை சென்றார். 1894இல் பெர்லினுக்கு அருகே லிக்டர்ஃபெல்டேயில் 15 மீட்டர் உயரத்துக்கு மண் குவித்துத் தமக்கென ஒரு குன்றே அமைத்துக்கொண்டார். காற்று எப்பக்கம் வீசினாலும் அதற்கு எதிராக ஓடிப் பாய அதில் வசதி இருந்தது. வில்லோ மரக் கம்புகளில் பருத்தித் துணி இழுத்துக் கட்டிய சிறகு; அதன் எடை சுமார் 20 கிலோ. அதில் கைகளை நுழைத்துத் தொங்கியபடி, உடலை இப்பக்கமும் அப்பக்கமும் சாய்த்தே அதைச் செலுத்தினார். இவ்வாறு சுமார் இரண்டாயிரம் தடவை பறந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சில விநாடிகளே. எல்லாவற்றையும் கூட்டினால் ஆகாயத்திலிருந்த நேரம் ஐந்து மணி அளவே வரும். ஐந்து மணி நேரத்துக்கு ஐந்து ஆண்டு உழைப்பு!

வியாபாரி அல்லவா? 1894இல் தம் சிறகை ஒரே மாதிரியாகச் செய்து 500 மார்க் விலையில் விற்பனைக்கும் வைத்தார். குறைந்தது ஒன்பது விற்றன. உலகில் பலருக்கு விற்பதற்கென்று வரிசையாகச் செய்யப்பட்ட முதல் பறக்கும் சாதனம் அதுவே. வாங்கியவர்களுள் ரஷ்யப் பேராசிரியர் ஷுக்கோவ்ஸ்கியும் ஒருவர்.

1896 ஆகஸ்ட் 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வெயில் காய்ந்த நாள். ஷ்டோலன் கிராமத்துக் கோலன்பெர்க் குன்றிலிருந்து அவர் பாய்ந்தார். சூடேறி எழும்பிய காற்று சிறகின் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டது. சிறகு ஆகாயத்தில் அசையாது நின்றது. கால்களை முன்னே வீசி எடையை முன்புறம் கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் மோதினார். முதுகெலும்பு முறிந்தது. உடனிருந்த உதவியாளர் பவுல் பைலிக் ஓடிவந்து எடுத்தார். பெர்லினுக்குக் கொண்டு சென்றும் பயனில்லாமல் மறுநாள் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 48. மனைவியும் நான்கு மக்களும் ஆதரவிழந்தனர்.

குடும்பஸ்தர் ஒருவர் இப்படி உயிரைப் பணயம் வைக்கலாமா என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. அவர் சூதாடியல்லர், சிறு மேட்டில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தவர், விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்க வில்லோ வளையமொன்றையும் சிறகின் முன் பொருத்திப் பழகியவர். 1894இல் விழுந்தபோது அது அவர் உயிரைக் காத்ததும் உண்டு. எனினும் அவர் முறையில் ஒரு குறை இருந்தது. சிறகைச் செலுத்த அவரிடமிருந்தது தம் உடல் எடை ஒன்றே. சிறு காற்றுக்கு அது போதும். பெருங்காற்று வந்தபோது கையிருப்பு போதவில்லை. நல்ல நாளில் ஓடும் கடை கெட்ட நாளில் நிற்குமா என்பதுதானே வியாபாரத்திலும் கேள்வி?

அந்தக் குறையை நிரப்பியவர்களும் கடைக்காரர்களே. அமெரிக்காவில் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், லிலியெந்தாலின் மரணச் செய்தியைப் படித்த பின்னரே இத்துறையில் ஊக்கம் கொண்டார்கள். அவருடைய கணக்கைக் கொண்டு 1900இலும் 1901இலும் கிளைடர் செய்தார்கள். எதிர்பார்த்த அளவு அவை தூக்கவில்லை. பெரியவரின் கணக்கே தவறோ என்று ஐயுற்று, சிறு பெட்டியில் காற்றைச் செலுத்தி நூற்றுக்கும் மேற்பட்ட சிறகு மாதிரிகளை அளந்து பார்த்தார்கள். முடிவில் தெரியவந்தது என்ன? லிலியெந்தாலின் அளவுகள் பெரும்பாலும் சரியே. அவருக்கும் முன்னே, பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து யாரும் சரிபார்க்காமல் வழங்கிவந்த வேறொரு எண்ணே தவறாயிருந்தது! அதைத் திருத்தி, உடல் எடையை நம்பாமல் சிறகையே முறுக்கிச் செலுத்தும் வழியையும் கண்டு, 1903 டிசம்பர் 17ஆம் தேதி இயந்திரத்தோடு பறந்தார்கள்.

தகப்பனாரின் கடையை ஏற்று நடத்தும் நம் இளைஞர்கள் இதை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். முன்னோர் எழுதிவைத்த பேரேட்டைச் சரிபார்ப்பது அவமரியாதையன்று. சரிபார்த்தபோதுதான் லிலியெந்தாலின் நேர்மை விளங்கியது. சரிபார்க்காத எண்தான் பலரை நெடுங்காலம் ஏமாற்றியது. பிறர் கூட்டிப் பார்க்கத்தக்க கணக்கை எழுதிவைத்துப் போகிறவனே, தன் காலத்துக்குப் பின்னும் வியாபாரத்தை நடத்துகிறான்.